வல்லெட்டா: ஒரே பாறையில் எழுந்த சிறு நகரம்

முதல் நாள் (ஏப்ரல் 5)

ஸ்லீமா படகுத்துறையில் நின்று பார்த்தபோது வல்லெட்டா நகரம் முழுவதும் என் கண்களுக்குள் அடங்கிவிட்டது. இடக்கோடியில் கடலுக்குள் நீண்டிருக்கும் புனித எல்மோ கோட்டை, வலக்கோடியில் ஃப்ளோரியானாவை நோக்கி உயர்ந்து செல்லும் மதில், இரண்டுக்கும் நடுவே கார்மல் அன்னை ஆலயத்தின் பெருங்குவிமாடமும் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் ஊசிக் கோபுரமும், அவற்றின் அடியிலிருந்து நீர்மட்டம் வரை அடுக்கடுக்காக இறங்கும் தேன் நிற வீடுகள். ஒரு நாட்டின் தலைநகரைத் தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் பார்ப்பது எனக்கு இதுவே முதல் முறை.

மால்டா தீவுக்கூட்டத்தின் மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் வல்லெட்டா இன்னும் சிறியது. யுனெஸ்கோ 1980-இல் இதனை உலக மரபிடமாக ஏற்றுக்கொண்டபோது 55 ஹெக்டேருக்குள் 320 நினைவுச்சின்னங்கள் இருப்பதாகக் குறித்தது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 136 ஏக்கர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த இந்த இடத்தில் இன்று குடியிருப்போர் ஐந்தாறு ஆயிரம் பேர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைநகரங்களில் இதைவிடச் சிறியது இல்லை. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வல்லெட்டா என்ற பெயரைச் சொல்வதில்லை, ‘இல்-பெல்ட்’ என்கிறார்கள். மால்டிய மொழியில் ‘நகரம்’ என்பதே அதன் பொருள்.

படகு பத்து நிமிடத்திற்குள் மார்சம்ஷெட் துறைமுகத்தைக் கடந்து நகரின் மேற்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. செங்குத்தான தெரு ஒன்றில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, மேட்டின் முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கியபோது, அத்தெருவின் முடிவிலும் கடல் தெரிந்தது. அந்தக் கடல் பெருந்துறைமுகம். இரண்டு ஆழமான இயற்கைத் துறைமுகங்களுக்கு நடுவே வடகிழக்கு நோக்கி நீண்ட ஒரு பாறை முதுகுதான் இந்நகரம் என்பதை ஏற்கெனவே நிலப்படத்தில் பார்த்திருந்தேன் என்றாலும், ஒரே தெருவின் இரு முனைகளிலும் நீரைக் கண்ட பிறகே அது எனக்கு உண்மையில் விளங்கியது.

இரவில், தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரிடம் காலையில் கண்ட குவிமாடத்தைப் பற்றிக் கேட்டேன். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார், அது போருக்குப் பிறகு கட்டப்பட்டது என்றும், பழைய ஆலயம் குண்டுவீச்சில் சிதைந்துபோனது என்றும் சொன்னார். அஞ்சலட்டைகளிலெல்லாம் வல்லெட்டாவின் அடையாளமாக நிற்கும் குவிமாடம் என்னைவிடச் சில ஆண்டுகளே மூத்தது.

இரண்டாம் நாள் (ஏப்ரல் 6)

நகர வாயிலின் முன்னுள்ள அகழியிலிருந்து இன்றைய நடையைத் தொடங்கினேன். இந்த அகழி வெளியிலிருந்து மண் கொட்டியோ சுவர் எழுப்பியோ அமைக்கப்பட்டதன்று. பாறையை மேலிருந்து கீழாக வெட்டியெடுத்து உருவாக்கப்பட்டது. எனவே மதிலின் அடிப்பகுதி எங்கே முடிகிறது, அதைத் தாங்கும் இயற்கைப் பாறை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரித்தறிவது பல இடங்களில் கடினமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நிறம், ஒரே கல்.

இங்குள்ளவர்கள் அக்கல்லை ‘ஃபிரன்கா’ என்கிறார்கள். நிலவியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் குளோபிஜெரினா சுண்ணக்கல். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் இறுகி உருவான இக்கல், புதிதாக வெட்டும்போது வாளால் அறுக்கும் அளவுக்கு மிருதுவாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டபின் மேற்புறம் இறுகிக் கடினமாகும். அதனால்தான் இந்நகரம் அவ்வளவு விரைவாக எழ முடிந்தது.

விரைந்து கட்ட வேண்டிய கட்டாயம் 1565-இல் வந்தது. அவ்வாண்டு உதுமானியப் படை மால்டாவை முற்றுகையிட்டபோது, அதை அப்போது ஆண்டுகொண்டிருந்த புனித யோவான் அமைப்பின் வீரத்துறவிகள் சிபெராஸ் குன்று என்ற இந்த வெறும் பாறை மேட்டின் நுனியில் புனித எல்மோ கோட்டையை மட்டுமே வைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்த பிறகு அக்கோட்டை ஜூன் 23 அன்று வீழ்ந்தது. செப்டம்பர் 8 அன்று முற்றுகை விலகியதும், இந்த மேட்டை எவர் பிடிக்கிறாரோ அவருக்கே இரு துறைமுகங்களும் சொந்தம் என்ற பாடம் அவர்களுக்குத் தெளிவாகியிருந்தது. அமைப்பின் தலைவர் ழான் தெ வலெட், 1566 மார்ச் 28 அன்று தம் பெயரைத் தாங்கிய புதிய நகரத்திற்கு அடிக்கல் நாட்டினார். திட்டத்தை வரைந்தவர் இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லாபரெல்லி.

லாபரெல்லியின் எண்ணம் குன்றின் முதுகைச் சமன் செய்துவிட்டுச் சதுரங்கக் கட்டம்போல் தெருக்களை அமைப்பது. எதிரி திரும்பி வருவான் என்ற அச்சத்தில் சமன் செய்யும் வேலை முழுமையாக நடக்கவில்லை. கட்டம் மட்டும் அப்படியே மேட்டின் மீது விரிக்கப்பட்டது. இன்று ரிபப்ளிக் தெருவிலிருந்து இருபுறமும் கடலை நோக்கிச் சரியும் குறுக்குத் தெருக்கள் பலவும் படிக்கட்டுகளாக இருப்பது அந்த அவசரத்தின் தடம். கல்லில் பதிந்த ஓர் அச்சத்தின் மீது நாள்தோறும் மக்கள் ஏறி இறங்குகிறார்கள்.

இன்னொரு விதியும் அக்காலத்தில் வகுக்கப்பட்டது. பின்னாளில் அது பல உயிர்களைக் காத்தது என்பதால் இங்கே குறித்துவைக்கிறேன். மால்டாவில் ஆறு கிடையாது. ஆகவே ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மழைநீர்த் தொட்டி ஒன்றைப் பாறையில் குடைந்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். இவ்வாறு, தெருக்களின் நகரத்திற்குக் கீழே இருண்ட தொட்டிகளின் நகரம் ஒன்றும் முதல் நாளிலிருந்தே வளர்ந்துவந்தது.

பிற்பகலை எல்மோ கோட்டையில் கழித்தேன். இத்தாலி 1940 ஜூன் 10 அன்று போர் அறிவித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே அதன் விமானங்கள், பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மால்டாவின் மேல் வந்துவிட்டன. அந்த முதல் தாக்குதலில் இக்கோட்டையில் பணியிலிருந்த ஆறு மால்டிய பீரங்கி வீரர்கள் உயிரிழந்தார்கள். 1565-இல் முதல் அடியை வாங்கிய அதே நுனிதான் 1940-இலும் முதல் அடியை வாங்கியது. நிலத்தின் அமைப்பு மாறாதவரை போரின் வழியும் பெரிதாக மாறுவதில்லை போலும்.

கோட்டைக்குள் இருக்கும் தேசியப் போர் அருங்காட்சியகத்தில், தொடக்க நாட்களில் தீவைக் காத்த கிளாடியேட்டர் இரட்டைச் சிறகு விமானங்களுள் ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் ‘ஃபெய்த்’ நிற்கிறது. சிறகுகள் இல்லாத அதன் உடலைப் பார்த்தபோது, இவ்வளவு எளிய பொறியை நம்பி மனிதர்கள் வானேறினார்களா என்று நெஞ்சு பதறியது.

கோட்டையின் மதிலிலிருந்து பெருந்துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரும் அதை நிலத்தோடு இணைக்கும் இரும்புப் பாலமும் தெரிகின்றன. பாலம் 2012-இல் அமைக்கப்பட்டது. பழைய பாலம் 1941 ஜூலை 26 அதிகாலையில் விழுந்தது. இத்தாலியக் கடற்படையின் சிறப்புப் பிரிவினர் வெடிமருந்து நிரப்பிய விசைப்படகுகளோடும் மனிதர் ஏறிச் செலுத்தும் மெதுவான டார்பிடோக்களோடும் துறைமுகத்திற்குள் புக முயன்றார்கள். வெடிப்பில் சரிந்த பாலம் அவர்கள் நுழைய வேண்டிய வழியையே அடைத்துவிட்டது. அந்த டார்பிடோவை உருவாக்கியவர்களுள் ஒருவரான தேசேயோ தெசேயி அன்று இங்கேயே மாண்டார். துணிவுக்கு எந்தப் பக்கமும் குறைவில்லை என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

மூன்றாம் நாள் (ஏப்ரல் 7)

தற்செயலாக அமைந்ததன்று, இந்த நாளில் நகரில் இருக்க வேண்டும் என்றே பயணத்தைத் திட்டமிட்டேன். 1942 ஏப்ரல் 7 அன்று ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் வல்லெட்டாவின் அரச இசை நாடக அரங்கம் தரைமட்டமானது. எட்வர்ட் பேரி வடிவமைத்து 1866-இல் திறக்கப்பட்ட அரங்கம் அது. 1873-இல் உட்புறம் தீக்கிரையானபோதுகூட நான்கே ஆண்டுகளில் மீண்டும் எழுந்தது. போருக்குப் பிறகு மட்டும் எழவேயில்லை. மீண்டும் அப்படியே கட்டுவதா, புதிதாக ஒன்றைக் கட்டுவதா என்ற விவாதத்திலேயே பல பத்தாண்டுகள் கழிந்தன. நகர வாயிலில் நுழைந்ததும் வலப்புறம் இடிபாடு மட்டும் கிடந்தது. இறுதியில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ, எஞ்சிய தூண்களையும் அடித்தளத்தையும் அப்படியே விட்டு, அவற்றுக்கு நடுவே ஒரு திறந்தவெளி அரங்கை அமைத்தார். 2013 முதல் அங்கே நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கூரையில்லாத இந்த அரங்கை ஏற்காத மால்டியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும், முறிந்த தூண்களின் தலைப்பகுதி வானத்திற்குத் திறந்திருப்பதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, பியானோவின் முடிவே சரி என்று எனக்குப் பட்டது. நடந்ததை மூடி மறைக்காமல் அதன் நடுவிலேயே மக்கள் பாட்டுக் கேட்கிறார்கள்.

இத்தனை சிறிய இடத்தின் மீது ஏன் இவ்வளவு குண்டுகள் என்பதற்கு விடை நிலப்படத்தில் இருக்கிறது. வடக்கே சிசிலி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தெற்கே, அன்று இத்தாலியின் கையிலிருந்த லிபியா. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் படைக்கு வேண்டிய எரிபொருளும் வெடிபொருளும் இத்தாலியிலிருந்து லிபியாவுக்குக் கடல் வழியாகவே செல்ல வேண்டும். அந்த வழியின் ஓரத்தில் மால்டா இருந்தது. இங்கிருந்து புறப்பட்ட விமானங்களும், மார்சம்ஷெட் துறைமுகத்தின் மனுவேல் தீவிலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிக் கப்பல்களும் அச்சரக்கைத் தொடர்ந்து மூழ்கடித்தன. மறுபுறம், மால்டாவுக்கு உதவி வர வேண்டிய ஜிப்ரால்டரும் அலெக்சாந்திரியாவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. எதிரிக்கு அருகிலும் நண்பர்களுக்குத் தொலைவிலும் அமைந்துவிட்ட தீவு இது.

1941 டிசம்பர் முதல் கெசெல்ரிங்கின் தலைமையில் ஜெர்மானிய வான்படை சிசிலியில் திரண்டது. 1942-இன் முதல் பாதியில் 154 நாட்கள் தொடர்ந்து இத்தீவு குண்டுவீச்சைத் தாங்கியது; லண்டன் தொடர்ந்து தாங்கியது 57 இரவுகள். பிப்ரவரி 15 அன்று, மக்கள் நிறைந்திருந்த ரீஜென்ட் திரையரங்கம் இந்த நகரத்திலேயே விழுந்தது. இசை அரங்கம் விழுந்த மறுநாள், பிரெஞ்சு வீரத்துறவிகள் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை அழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, ஓவெர்ன் என்ற பிரெஞ்சுப் பகுதியைச் சேர்ந்த வீரத்துறவிகளின் மாளிகை போய்விட்டது. அதன் இடத்தில்தான் இன்று நீதிமன்றம் நிற்கிறது.

அந்த ஏப்ரல் வாரத்தை எண்ணும்போது என் மனம் இன்னொரு கடலுக்கும் போகாமலிருக்க முடியவில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு உள்ளாயின. அப்போது இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் கீழைக் கடற்படையோடு இருந்த ‘இன்டாமிட்டபிள்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலே, நான்கு மாதங்கள் கழித்து மால்டாவுக்கு உணவு கொண்டுவந்த கப்பல் அணியைக் காக்க இங்கே வந்து, குண்டடிபட்டுத் திரும்பியது. திருகோணமலையின் மலைமுனையும் வல்லெட்டாவின் பாறைமுனையும் ஒரே வாரத்தில் ஒரே போரின் தீயைக் கண்டிருக்கின்றன.

மாலையில் ஆளுநர் மாளிகைச் சதுக்கத்தில் நடந்தேன். 1942 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ், ஒரு தனி மனிதருக்கன்றி இத்தீவு முழுமைக்குமாக, வீரத்துக்கான ஜார்ஜ் சிலுவை விருதை அறிவித்தார். புதிய ஆளுநர் கோர்ட் பிரபு மே மாதத்தில் பதக்கத்தைத் தம்மோடு கொண்டுவந்தார். செப்டம்பர் 13 அன்று, சுற்றிலும் இடிபாடுகள் கிடந்த இந்தச் சதுக்கத்தில் அது மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மால்டாவின் கொடியின் மூலையில் இன்றும் அச்சிலுவை இருக்கிறது.

நான்காம் நாள் (ஏப்ரல் 8)

இன்று முழுவதும் தரைக்குக் கீழேதான்.

ரிபப்ளிக் தெருவின் கீழ்க்கோடியை நெருங்கும் இடத்தில் காசா ரோக்கா பிக்கோலா என்ற பழைய பிரபு குடும்பத்து வீடு இருக்கிறது. மேலே ஓவியங்களும் வெள்ளிப் பாத்திரங்களும் நிறைந்த அறைகள். அவற்றை நான் விரைந்து கடந்தேன். குறுகிய படிகளில் குனிந்து இறங்கினால், மணி வடிவில் குடைந்த தொட்டி ஒன்றின் அடியில் போய் நிற்கிறோம். தண்ணீர் தேக்குவதற்கென்று வெட்டிய அதே தொட்டிதான் போர்க்காலத்தில் மனிதர்கள் ஒளிந்திருந்த காப்பிடமாயிற்று. சுவரில் குந்தாலியின் கீறல்கள் சாய்வாக ஓடுகின்றன. கைவைத்துப் பார்த்தேன்; ஈரமாக இருந்தது.

போர் தொடங்கியபோது இந்நகரத்தில் போதிய காப்பிடங்கள் இல்லை. முதலில் மக்கள் நிலவறைகளையும், பழைய தொட்டிகளையும், வீரத்துறவிகள் காலத்துச் சுரங்க வழிகளையும், 1931-இல் நின்றுபோன ரயில் பாதையின் சுரங்கத்தையும் நாடினார்கள். பிறகு தீவெங்கும் கல்லுடைப்பவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் கூடிப் பாறையைக் குடையத் தொடங்கினார்கள். பொதுச் சுரங்கத்தின் பக்கச் சுவரில், அனுமதி பெற்றுத் தமக்கென ஒரு சிற்றறையைத் தாமே வெட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. கருங்கல்லாக இருந்திருந்தால் இது நடந்திராது. மணலாக இருந்திருந்தால் இடிந்து மூடியிருக்கும். கையால் வெட்ட இடம் கொடுக்கும் மிருதுவும், வெட்டியபின் தானே நிற்கும் உறுதியும் ஃபிரன்காவுக்கு ஒருசேர வாய்த்திருந்தன. தீவு முழுவதிலும் போரில் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 1,500 பேர். ஒவ்வொரு உயிரும் ஒரு குடும்பத்தின் இழப்பு என்பதை மறக்காமலே சொல்கிறேன்: மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அபாயச் சங்கு ஒலித்த ஒரு நெருக்கமான தீவில் அந்த எண் அத்தோடு நின்றதற்கு இந்தக் கல்லும் அதைக் குடைந்த கைகளுமே காரணம்.

மதிய உணவின்போது விடுதி அம்மையார் தம் தாயைப் பற்றிப் பேசினார். 1942-இல் தாய்க்கு ஒன்பது வயது. அவருடைய தந்தை கல்தச்சர். காப்பிடத்தில் தம் குடும்பத்திற்குக் கிடைத்த மூலையில், கைக்குழந்தையைக் கிடத்துவதற்காக அவர் இரண்டு இரவுகளில் சுவரில் ஒரு மாடத்தைக் குடைந்தாராம். “அம்மா வாழ்நாள் முழுவதும் அந்த மாடத்தின் அளவைக் கைகளை விரித்துக் காட்டுவார். குண்டுகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச மாட்டார்” என்றார் அந்த அம்மையார். அவரும் தம் கைகளை விரித்துக் காட்டினார். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம்.

உள்ளே இருட்டு, மண்ணெண்ணெய் விளக்கின் புகை, வேர்வை, சொட்டும் நீர், சொறி சிரங்கு, எந்நேரமும் ஓதப்படும் செபமாலை. வெளியே பசி. 1942 மே மாதத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 கிராம் ரொட்டி என்று அளவு குறைக்கப்பட்டது. ரொட்டியையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களுக்கு அது எத்தகைய அடி என்பதைச் சோற்றை நம்பி வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் இல்லாததால் ‘வெற்றிச் சமையற்கூடங்கள்’ என்ற பெயரில் பொதுச் சமையல் தொடங்கியது. ஒரு குடும்பம் தன் பங்கின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுச் சூடான சாற்றை வாங்கிக்கொள்ளும். ஆட்டிறைச்சித் துண்டுகள் சில மிதக்கும் நீர்த்த சாறு அது. ஆளுநரே பெட்ரோலை மிச்சப்படுத்த மிதிவண்டியில் சென்றார். அவ்வாண்டு டைஃபாய்டும், ஆண்டிறுதியில் இளம்பிள்ளை வாதமும் பரவின. எந்த நாளில் உணவு அறவே தீர்ந்து தீவு சரணடைய நேரும் என்று அதிகாரிகள் கணக்கிட்டு, அந்த நாளை மக்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

பிற்பகலில் லஸ்காரிஸ் போர் அறைகளுக்குச் சென்றேன். மேல் பரக்கா தோட்டத்திற்கு ஏறத்தாழ 150 அடி கீழே, பாறைக்குள் வெட்டிய சுரங்கங்களின் வலைப்பின்னல் அது. நடுவே பெரிய மேசை. அதன்மேல் சிசிலியும் மால்டாவும் வரைந்த நிலப்படம். டிங்லி மேட்டிலிருந்த ராடார் நிலையத்திலிருந்து செய்தி வந்ததும், நீண்ட கோல்களைக் கொண்டு இளம்பெண்கள் எதிரி விமானங்களின் குறிகளை நகர்த்துவார்கள். அவர்களுள் ஒருவரான கிறிஸ்டினா ராட்கிளிஃப், நடனக்காரியாக இங்கே வந்து போரில் சிக்கிக்கொண்ட ஆங்கிலப் பெண். பகலில் இம்மேசையருகே பணியாற்றி, ஓய்வு நேரத்தில் வீரர்களுக்காக ஆடினார். போர் முடிந்த பிறகும் மால்டாவை விட்டுப் போகாமல் 1988-இல் இங்கேயே இறந்தார். 1943 ஜூலையில் சிசிலியின் மீதான படையெடுப்பை நேச நாட்டுப் படைத் தலைவர் ஐசன்ஹோவர் இயக்கியதும் இந்தச் சுரங்கங்களிலிருந்துதான். முன்பு குண்டுகள் எங்கிருந்து புறப்பட்டனவோ அந்தத் திசைக்கே இம்மேசையின் கோல்கள் திரும்பின.

ஐந்தாம் நாள் (ஏப்ரல் 9)

காலையில் லஸ்காரிஸ் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையின் மூன்று நகரங்களுக்குச் சென்றேன். பிர்கு, செங்லியா, கோஸ்பிகுவா ஆகிய இவை கப்பல் பணிமனைகளைச் சுற்றி வளர்ந்தவை. 1941 ஜனவரி 10 அன்று, கடலில் குண்டுகளால் பலத்த சேதமடைந்த ‘இல்லஸ்ட்ரியஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் பழுதுபார்க்க இங்கே ஒதுங்கியது. அதை அழிக்க 16-ஆம் தேதி தொடங்கிய தாக்குதலில் கப்பல் தப்பியது. பக்கத்திலிருந்த செங்லியாவின் வீடுகள் நொறுங்கின. ஜனவரி 23 இரவு கப்பல் கிளம்பிச் சென்றபோது, பின்னால் எஞ்சியது வீடில்லாத மக்கள்.

திரும்பி வந்து மேல் பரக்கா தோட்டத்தின் விளிம்பில் இடம் பிடித்தேன். நண்பகலில் கீழேயுள்ள பீரங்கி மேடையில் ஒருமுறை வெடி முழங்கியது. புறாக்கள் எழுந்து வட்டமிட்டன. இங்கே நின்றால் பெருந்துறைமுகம் முழுவதும் காலடியில் விரிகிறது. 1942 ஆகஸ்ட் 15 காலையில் இந்த விளிம்பிலும் எதிரிலுள்ள கொத்தளங்களிலும் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள்.

அவர்கள் எதற்காக நின்றார்கள் என்பதைச் சொல்ல ஐந்து நாட்கள் பின்னால் போக வேண்டும். ஆகஸ்ட் 10 அன்று ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து 14 சரக்குக் கப்பல்கள் பெரும் போர்க்கப்பல் துணையோடு மால்டாவை நோக்கி வந்தன. ‘பெடஸ்டல்’ என்பது அந்நடவடிக்கையின் பெயர். 11-ஆம் தேதி ‘ஈகிள்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அடுத்த இரண்டு நாட்களில் ‘மான்செஸ்டர்’, ‘கெய்ரோ’ ஆகிய குரூசர்களும், ‘ஃபோர்சைட்’ என்ற நாசகாரிக் கப்பலும், ஒன்பது சரக்குக் கப்பல்களும் அழிந்தன. 13-ஆம் தேதி ‘போர்ட் சால்மர்ஸ்’, ‘ரோசெஸ்டர் காசில்’, ‘மெல்போர்ன் ஸ்டார்’ ஆகிய மூன்றும் உள்ளே வந்தன; மறுநாள் ‘பிரிஸ்பேன் ஸ்டார்’ வந்தது. எண்ணெய் ஏற்றிவந்த ‘ஒஹாயோ’ மட்டும் வரவில்லை. அது வராவிட்டால் விமானங்கள் பறக்க முடியாது.

டார்பிடோவால் பக்கம் கிழிந்து, மேல்தளத்தில் வீழ்ந்த எதிரி விமானத்தின் சிதைவோடு, இயந்திரம் நின்றுபோன அந்தக் கப்பல் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாசகாரிக் கப்பல்கள் இருபுறமும் அணைத்துக் கட்டி, நடக்க முடியாதவரைத் தோள்கொடுத்து அழைத்துவருவதைப்போல் அதைத் தாங்கிப்பிடித்து வந்தன. ஆகஸ்ட் 15, அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாள். மால்டியர்களுக்கு ஆண்டின் பெருவிழாக்களில் ஒன்று. அன்று காலை ‘ஒஹாயோ’ அலைதாங்கிச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தது. இசைக்குழு முழங்க, கொத்தளங்களில் இருந்தவர்கள் கையசைத்து ஆர்ப்பரித்தார்கள். எண்ணெய் இறக்க இறக்கக் கப்பல் கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் பணி முடிந்தபோது அடிப்பகுதி துறைமுகத்தின் தரையைத் தொட்டிருந்தது. கப்பல் தலைவர் டட்லி மேசனுக்கும் ஜார்ஜ் சிலுவை கிடைத்தது. மால்டியர்கள் இந்தக் கப்பல் அணியை இன்றும் ‘சாந்தா மரியா கான்வாய்’ என்றே அழைக்கிறார்கள். படைத்துறை சூட்டிய பெயரைவிட அதுவே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

மாலையில் முற்றுகை மணியின் நினைவிடம் வரை நடந்தேன். முற்றுகையில் இறந்த ஏறத்தாழ 7,000 பேரின் நினைவாக, ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1992-இல் இது அமைக்கப்பட்டது. மணியின் எதிரே, கடலை நோக்கிய மேடையில், பெயரில்லாத ஒரு வீரனின் உடல் வெண்கலத்தில் கிடக்கிறது.

ஆறாம் நாள் (ஏப்ரல் 10)

விமான நிலையம் போகும் வழியில் ஃப்ளோரியானாவில் இறங்கிக்கொண்டேன். புனித பப்ளியஸ் ஆலயத்தின் முன்னுள்ள பெருந்திடலில் வரிசை வரிசையாக வட்டக் கல்மூடிகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு மூடியின் அடியிலும் பாறையில் குடைந்த தானியக் குழி. வீரத்துறவிகள் முற்றுகைக்கென்று கோதுமை சேர்த்துவைத்த இடம். நீர், தானியம், மனிதர் என்று காக்க வேண்டிய எல்லாவற்றையும் இம்மக்கள் கல்லுக்குள்தான் வைத்தார்கள். ஆலயத்தை 1942 ஏப்ரல் 28 அன்று குண்டுகள் பிளந்தன. பிறகு அதே கல்லால் மீண்டும் கட்டியிருக்கிறார்கள்.

இடிந்த கட்டடங்களின் கல்லுக்கு இன்னொரு பயனும் இருந்தது. லூக்கா, தா காலி விமானத் தளங்களில், அந்தக் கற்களாலும் மண் நிரப்பிய பெட்ரோல் தகரங்களாலும் விமானங்களுக்கு அரண்கள் எழுப்பப்பட்டன. ஏப்ரல் 20 அன்று வந்துசேர்ந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பெரும்பாலானவை சில நாட்களுக்குள் அழிந்துபோயின. மே 9 அன்று அடுத்த தொகுதி வந்தபோது, ஒவ்வொன்றும் தரையிறங்கிய உடனே ஓர் அரணுக்குள் இழுக்கப்பட்டு, சில நிமிடங்களில் எண்ணெய் நிரப்பப்பட்டு மீண்டும் வானேறியது. மறுநாள் நடந்த வான்போரில் தாக்க வந்தவர்கள் பெருத்த இழப்போடு திரும்பினார்கள். வல்லெட்டாவின் வீடாக இருந்த கல், வீழ்ந்த பிறகும் வல்லெட்டாவைக் காத்தது.

அந்த லூக்காவே இன்று மால்டாவின் பன்னாட்டு விமான நிலையம். என் விமானம் பிற்பகலில் கிளம்பி, வளைந்து வடக்கே திரும்பியது. சன்னல் வழியே இரு துறைமுகங்களும் அவற்றுக்கு நடுவே அந்தப் பாறை முதுகும் ஒரு கட்டைவிரல் அளவில் தெரிந்து மறைந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்து, நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் கீழே சிசிலியின் கரை வந்துவிட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.